கணுக்கால் சுளுக்குக்குப் பின் கொடைக்கானலில் ஒரு பயிற்சி வாரம்

கணுக்கால் பிரண்டு நான்கைந்து வாரம் வீட்டிலிருந்தவருக்கு ஓட்டத்தின் மேல் பசி வந்துவிடும். மூச்சும் இதயமும் சில நாட்களிலேயே பழைய பழக்கத்துக்குத் திரும்பத் தொடங்கும். தசைநார் அவ்வளவு சீக்கிரம் திரும்புவதில்லை. கணுக்காலின் வெளிப்பக்கத்தில் இழுபட்டோ கிழிந்தோ போன நார், வலி நின்ற பிறகும் மாதக்கணக்கில் உறுதிப்பட்டுக்கொண்டே இருக்கும். ஒருமுறை பிரண்ட கால் மறுபடி பிரளும் ஆபத்து முதல் ஓராண்டில்தான் அதிகம். ஆகவே இந்த வாரம் எவ்வளவு தூரம் போகலாம் என்பதை மூச்சிடம் கேட்காதீர்கள். மறுநாள் காலையில் கணுக்காலிடம் கேளுங்கள்.

மலையில் இருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் சங்கடம் உண்டு. கொடைக்கானலில் வாசற்படியை விட்டு இறங்கினாலே ஏற்றமோ இறக்கமோ தொடங்கிவிடுகிறது. ஏறும்போது இதயத்துக்குத்தான் வேலை அதிகம். பாதம் நிதானமாகப் பதிகிறது, அதிர்வு குறைவு. இறங்கும்போது உடலின் எடையை ஒவ்வோர் அடியிலும் தடுத்து நிறுத்த வேண்டியிருக்கிறது. போதாததற்குப் பாதம் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும் நிலையில் கணுக்கால் எலும்புகளின் பிணைப்பு தளர்ந்திருக்கும். சுளுக்கில் முதலில் அடிபடும் முன்பக்க வெளி நாரும் அப்போதுதான் இழுபட்டு நிற்கும். அதனால் கீழே உள்ள திட்டத்துக்கு அடிப்படை இதுதான்: ஏற்றத்தைத் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள், சமதளத்தில் ஓடுங்கள், இறக்கத்தை முடிந்தவரை பஸ்ஸுக்கு விட்டுவிடுங்கள்.

இது அடிபடுவதற்கு முன் வாரம் 25 முதல் 40 கி.மீ. வரை ஓடிக்கொண்டிருந்த, லேசான அல்லது நடுத்தரச் சுளுக்கிலிருந்து மீண்டு வருகிறவருக்கான திட்டம். எலும்பு முறிவு, அறுவைச் சிகிச்சை, கணுக்காலுக்கு மேலே இரண்டு எலும்புகளும் சேரும் இடத்தில் ஏற்பட்ட காயம் ஆகியவை குணமாகக் கூடுதல் காலம் பிடிக்கும். அவை உள்ளவர்கள் இயன்முறை மருத்துவர் சொல்லும் திட்டத்தையே பின்பற்ற வேண்டும்.

முதல் படி: தொடங்கலாமா என்று பாருங்கள்

எக்ஸ்ரே எடுக்காமலே 'வெறும் சுளுக்குதான்' என்று விட்டவர்கள் முதலில் ஒன்றை யோசிக்க வேண்டும். எக்ஸ்ரே தேவையா என்று முடிவு செய்ய மருத்துவர்கள் 1992 முதல் பயன்படுத்திவரும் ஒட்டாவா விதிகள் எளிமையானவை. அடிபட்ட உடனேயும் பிறகு மருத்துவரிடம் போனபோதும் நான்கு அடி கூட எடுத்து வைக்க முடியவில்லையா? கணுக்காலின் இருபுறமும் துருத்தி நிற்கும் எலும்புகளின் பின்விளிம்பையோ முனையையோ அழுத்தினால் எலும்பிலேயே வலிக்கிறதா? பாதத்தின் வெளிவிளிம்பில், சுண்டுவிரல் எலும்பின் அடிப்பகுதியிலோ உள்வளைவின் மேல் உள்ள எலும்பிலோ அப்படி வலிக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே தேவை. வாரங்கள் கழிந்தும் எலும்பில் அழுத்தினால் வலிக்கிறது என்றால் இந்தத் திட்டத்தை மூடி வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

நம் ஊரில் இன்னொன்றும் நடக்கும். கால் பிசகிய அன்றே யாராவது ஒருவர் சுளுக்கு எடுப்பவரிடம் அழைத்துப் போவார். புளியும் உப்பும் கரைத்துப் பற்றுப் போடுவதை நான் எதிர்க்கவில்லை. தோல் புண்ணாகாத வரை அதனால் கெடுதல் இல்லை. ஆனால் வீங்கிய கணுக்காலை எண்ணெய் போட்டு அழுத்தி உருவுவதும், வெடுக்கென்று இழுத்துச் சொடுக்குவதும் வேண்டவே வேண்டாம். அரைகுறையாகக் கிழிந்த நாரை அது முழுதாகக் கிழித்துவிடலாம். பயிற்சிக்குத் திரும்பிய பிறகு வலி எட்டிப்பார்த்தாலும் இதே எச்சரிக்கைதான்.

இனி நான்கு சோதனைகள். சமதளத்தில் 45 நிமிடம் வேகமாக நடந்து, நொண்டாமல், மறுநாள் வீங்காமல் இருக்க வேண்டும். அடிபட்ட காலில் மட்டும் நின்று, சுவரை விரல் நுனியால் தொட்டபடி, குதிகாலை 15 முறையாவது முழு உயரத்துக்குத் தூக்க முடிய வேண்டும். அதே காலில் நின்ற இடத்திலேயே வலியில்லாமல் பத்துச் சிறு தாவல்கள் போட வேண்டும். நான்காவது சுவர்ச் சோதனை: சுவரைப் பார்த்து நின்று, குதிகால் தரையை விட்டு எழாமல் முழங்காலை மடக்கிச் சுவரைத் தொடுங்கள். பாதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்கு நகர்த்தி, முழங்கால் எட்டும் கடைசி இடத்தில் கட்டைவிரலுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியை அளந்து கொள்ளுங்கள். நல்ல காலோடு ஒப்பிட்டால் 2 செ.மீ.க்கு மேல் குறைகிறது என்றால் கணுக்கால் இன்னும் முழுதாக மடங்கவில்லை. அந்த நிலையில் ஏற்றம் ஏறினால் முன்பக்கம் நெருக்கிப் பிடிக்கும், குதிகால் சீக்கிரம் எழும்பும், கெண்டைச்சதை இறுகும். அப்படி இருப்பவர்கள் கீழே வரும் புதன்கிழமை ஏற்றத்தைச் சைக்கிளாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் படி: காலைக் கணக்கு

தையற்காரர்கள் வைத்திருக்கும் அளவு நாடா ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முன் கணுக்காலைச் சுற்றி எட்டு வடிவில் நாடாவைப் போடுங்கள். கணுக்காலின் முன்பக்கத்தில் தொடங்கி, பாதத்தின் உள்வளைவு வழியாக உள்ளங்காலுக்கு அடியில் போய், சுண்டுவிரல் பக்கம் ஏறி, பாதத்தின் மேல் குறுக்காக உள் எலும்பின் முனைக்கு வந்து, குதிகாலுக்கு மேலே உள்ள தடித்த நாணைச் சுற்றி வெளி எலும்பு வழியாகத் தொடங்கிய இடத்துக்குத் திரும்ப வேண்டும். இறுக்காமல், ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரி போடுவதுதான் முக்கியம். அந்த அளவைச் சுவரில் மாட்டிய காலண்டரில் எழுதுங்கள். கண்ணுக்குத் தெரியாத வீக்கம் நாடாவுக்குத் தெரியும். வெளி எலும்புக்குச் சற்று முன்னால் ஒரு சிறு குழி இருக்கும். நல்ல காலில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தால் பிடிபடும். அடிபட்ட காலில் அந்தக் குழி மேவியிருந்தால் உள்ளே நீர் கோத்திருக்கிறது என்று அர்த்தம்.

பிறகு முதல் பத்து அடிகளைக் கவனியுங்கள். கொடைக்கானல் குளிரில் ஐந்து பத்து நிமிடம் மூட்டு விறைப்பாக இருப்பது இயல்பு. நேற்றைவிட விறைப்பு கூடியிருந்தாலோ, வெந்நீரில் குளித்த பிறகும் விடவில்லை என்றாலோ அன்றைய பயிற்சி சைக்கிள் அல்லது ஓய்வு.

பயிற்சியின்போது வலியைப் பத்துக்கு எவ்வளவு என்று மதிப்பிடுங்கள். இரண்டு வரை பொறுத்துக்கொள்ளலாம், மறுநாள் காலையில் அது போயிருக்க வேண்டும். மூன்றைத் தாண்டினால் நடைக்கு மாறுங்கள். சுரீரென்ற வலி வந்தாலோ, கணுக்கால் 'விட்டுப்போவது' போலத் தோன்றினாலோ அத்தோடு நிறுத்திவிடுங்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு பயிற்சிக்குக் கிளம்புவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். உங்களுக்கு வழி சொல்ல வேண்டிய ஒரே குரலை அது அடைத்துவிடுகிறது.

மூன்றாம் படி: இடம், நேரம், சாதனம்

பழனி மலைத்தொடரில் இந்த வாரத்துக்குக் கொடைக்கானல் ஏரிச் சாலையைவிடத் தோதான இடம் இல்லை. 1863இல் மதுரை கலெக்டராக இருந்த வெர் லெவிஞ்ச் முயற்சியால் உருவாக்கப்பட்ட ஏரி இது. நீர்மட்டத்தை ஒட்டியே சாலை வளைந்து வளைந்து போவதால் சுமார் 5 கி.மீ. சுற்றும் ஏறக்குறைய சமதளம். தார்ச்சாலை, வலித்தால் நின்றுகொள்ளவும் பக்கத்தில் உட்காரவும் இடம் உண்டு. வட்டக்கானலிலிருந்து டால்பின் நோஸ் பாறைக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதை, வேர்கள் புடைத்த சோலைக்காட்டு வழிகள், பைன் காட்டில் ஊசி இலை மெத்தையாகக் கிடக்கும் சரிவுகள் எல்லாம் இந்த வாரத்துக்கு இல்லை. ஊசி இலைக்கு அடியில் கல்லா பள்ளமா என்று கண்ணுக்குத் தெரியாது. கால் வைத்த பிறகுதான் தெரியும்.

சாலையிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. மழைநீர் வடிவதற்காகத் தார்ச்சாலை நடுவில் உயர்ந்து ஓரங்களில் சரிந்திருக்கும். அந்தச் சரிவில் ஓடும்போது தாழ்ந்த பக்கத்துக் கால் வெளிப்புறமாகப் பிரளும் நிலையில் ஒவ்வோர் அடியும் விழுகிறது. அடிபட்டது இடது கால் என்றால் சாலையின் வலது ஓரத்தில் போங்கள். இடது கால் உயர்ந்த பக்கம் இருக்கும், எதிரே வரும் வண்டியும் கண்ணுக்குத் தெரியும். வலது கால் என்றால் இடது ஓரம்தான் தோது, ஆனால் வண்டி முதுகுக்குப் பின்னால் வரும். அதனால் வண்டி நடமாட்டம் குறைந்த நேரத்தில், காதில் எதையும் மாட்டிக்கொள்ளாமல் போங்கள். மட்டமான நடைபாதை கிடைக்கும் இடத்தில் இரண்டு கவலையும் இல்லை.

நேரம், நன்றாக விடிந்த பிறகு. இருட்டோடு கிளம்புவது ஓட்டக்காரர்களின் வழக்கம்தான். ஆனால் கொடைக்கானல் நகருக்குள்ளேயே காட்டுமாடுகள் நடமாடுகின்றன. மூடுபனியில் பத்தடி தூரத்தில் ஒன்று நின்றால் திரும்பி ஓட வேண்டியிருக்கும். குணமாகாத கணுக்காலோடு அப்படி ஓடுவது இரட்டை ஆபத்து. ஆறரை மணிக்குத் தொடங்கினால் போதும்.

மதுரையிலிருந்தோ திண்டுக்கல்லிலிருந்தோ விடுமுறைக்கு ஏறி வந்தவர்கள் முதல் இரண்டு நாட்கள் நடையோடு நிற்க வேண்டும். ஊர் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதே வேகத்துக்கு நாடித்துடிப்பு கூடுதலாக இருக்கும். கடிகாரம் காட்டும் பழைய எண்களை நம்ப வேண்டாம். உடன் வருபவரிடம் ஒரு முழு வாக்கியத்தை இடையில் மூச்சு வாங்காமல் பேச முடிகிறதா என்பதே அளவு. குளிரில் தாகம் தெரியாது, தண்ணீரை நினைவு வைத்துக் குடிக்க வேண்டும்.

காலணியைத் திருப்பி அடிப்பாகத்தைப் பாருங்கள். குதிகாலின் வெளிவிளிம்பு தேய்ந்திருந்தால் கால் வெளிப்புறம் சாய அதுவே வழி செய்து கொடுக்கும், மாற்றிவிடுங்கள். கயிறு கட்டும் வகைக் கணுக்கால் உறை ஒன்று வாங்குவது நல்ல செலவு. ஒருமுறை சுளுக்கியவர்களுக்கு மறு சுளுக்கைக் குறைப்பதில் அது உண்மையாகவே உதவுகிறது. கிரேப் பேண்டேஜ் வீக்கத்தை அழுத்தும், பிரள்வதைத் தடுக்காது.

நான்காம் படி: ஏழு நாட்கள்

*திங்கள்.* ஏரியைச் சுற்றி ஒரு சுற்று. பத்து நிமிடம் வேகநடை. பிறகு 1 நிமிடம் மெல்லோட்டம், 2 நிமிடம் நடை என்று எட்டு முறை. மீதிச் சுற்றை நடந்தே முடியுங்கள். ஓட்டம் மொத்தம் 8 நிமிடம்தான், போதும். அடியைக் குறுக்கி, எண்ணிக்கையைக் கூட்டி ஓடுங்கள். நீளமான அடி, பாதத்தை உடலுக்கு வெகு முன்னால் கொண்டுபோய் இறக்கும். தரையில் மோதும் வேகமும் கூடும். எட்டு முறையும் சுகமாகப் போனால் ஒன்பதாவதும் ஓடலாமே என்று தோன்றும். ஓடாதீர்கள். செவ்வாய் காலை நாடா என்ன சொல்கிறது என்று தெரியாமல் கூட்டக் கூடாது.

*செவ்வாய்.* சைக்கிள், 60 முதல் 75 நிமிடம். ஏரிக்கரையில் வாடகைக்குக் கிடைக்கும். பிரேக்கை இருமுறை அழுத்திப் பாருங்கள். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கும்படி இருக்கையை உயர்த்தச் சொல்லுங்கள். ஆபத்து மிதிப்பதில் இல்லை, நிறுத்துவதில் இருக்கிறது; எப்போதும் நல்ல காலையே தரையில் ஊன்றப் பழகுங்கள். மேட்டுச் சாலைகளுக்குத் திருப்பாமல் ஏரியையே சுற்றுங்கள்.

மாலையில் வலுப் பயிற்சி. இந்த வாரத்தில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான், மக்கள் முதலில் கைவிடுவதும் இதைத்தான். பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் வெட்டி வளையமாக முடிந்து, கட்டில் காலில் ஒரு முனை, பாதத்தின் முன்பகுதியில் மறுமுனை. குதிகாலைத் தரையில் வைத்தபடி பாதத்தை வெளிப்புறமாக இழுங்கள். மூன்று எண்ணும் வரை நிதானமாகத் திரும்ப விடுங்கள். 15 முறை, மூன்று சுற்று. கெண்டைக்காலின் வெளிப்பக்கத் தசைகள்தான் கால் பிரளத் தொடங்கும் நொடியில் அதைப் பிடித்து நிறுத்துகின்றன. அவற்றை வலுப்படுத்தாமல் ஓடுவது காவல் இல்லாமல் ஓடுவதுதான். அடுத்து, படி விளிம்பில் இரு கால்களாலும் குதிகாலை உயர்த்தி, அடிபட்ட காலில் மட்டும் மெதுவாக இறக்குங்கள்: 12 முறை, மூன்று சுற்று. கடைசியாக ஒற்றைக்காலில் நிற்பது. முதலில் 30 விநாடி, பிறகு கண்ணை மூடி, அதுவும் கைவந்ததும் நான்காக மடித்த கம்பளியின் மேல். கண்ணை மூடியதும் பாதம் துடிதுடிக்கும். கால் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்காமலே அறியும் நிலையுணர்வு நாரோடு சேர்ந்து மழுங்கிப்போயிருக்கும்; அது அப்போதுதான் மறுபடி கற்றுக்கொள்கிறது. விழுந்துவிடாதபடி சுவருக்கு அருகில் நில்லுங்கள்.

*புதன்.* ஏற்றம். ஏரிக்கரையிலிருந்து 2,343 மீட்டர் உயரத்தில் இருக்கும் வானாய்வகத்தை நோக்கி ஏறும் தார்ச்சாலை நல்ல வழி. 60 நிமிடம், ஓடாமல், முழுப் பாதத்தையும் பதித்து, பேச முடிகிற மூச்சோடு நடங்கள். கைத்தடி வைத்துக்கொள்வதானால் அடிபட்ட காலுக்கு எதிர்க் கையில். ஓட்டத்தில் கிடைக்கும் இதயப் பயிற்சியில் பெரும்பங்கு இதில் கிடைக்கிறது, ஓட்டத்தின் அதிர்ச்சி மட்டும் இல்லை. நேரம் முடிந்ததும் பஸ்ஸிலோ வாடகைக் காரிலோ திரும்புங்கள். இறங்கி வந்துவிடலாம் என்ற கணக்கில் கையில் காசில்லாமல் கிளம்பாதீர்கள். மழை பிடித்துக்கொண்டால் வீட்டு மாடிப்படி போதும்: கைப்பிடியைப் பிடித்தபடி மெதுவாக, அரை மணி நேரம். படியில் ஏறிய அளவுக்கு இறங்கவும் வேண்டும் என்பதால் நேரம் பாதி.

*வியாழன்.* ஓட்டமும் நடையும் இல்லை. காலையோ மாலையோ செவ்வாய்க்கிழமை வலுப் பயிற்சிகள். உட்கார்ந்திருக்க முடியாதவர்கள் படகுத்துறை திறந்ததும் துடுப்புப் படகு எடுத்து அரை மணி நேரம் துடுப்புப் போடலாம். தோளும் முதுகும் வேலை செய்யும், கணுக்கால் சும்மா இருக்கும். படகில் ஏறி இறங்கும்போது மட்டும் கை கொடுக்கச் சொல்லுங்கள்.

*வெள்ளி.* செவ்வாய், புதன், வியாழன் மூன்று காலைகளிலும் நாடா ஏறாமல் இருந்தால் மட்டும்: பத்து நிமிட நடைக்குப் பிறகு 2 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, ஏழு முறை. ஒரு காலையாவது வீக்கம் கூடியிருந்தால் திங்கள்கிழமைப் பயிற்சியையே திரும்பச் செய்யுங்கள்.

அதன் பிறகு இறக்கத்துக்கு ஒரு முன்னோட்டம். 1872இல் அமைக்கப்பட்ட கோக்கர்ஸ் வாக், மலை விளிம்பை ஒட்டிச் சுமார் 1 கி.மீ. போகும் தளமிட்ட நடைபாதை. சிறு கட்டணம் உண்டு. மிதமான சரிவு, பிடித்துக்கொள்ளக் கம்பி வேலி. இறக்கம் பழக இதைவிடப் பாதுகாப்பான இடம் எனக்குத் தெரியவில்லை. முழங்காலை லேசாக மடக்கி, குறுகிய அடிகளாக, பாதத்தை நேர்முன்னே வைத்து ஒருமுறை இறங்குங்கள். பக்கவாட்டில் திரும்பி இறங்கினால் கணுக்கால் பிரளும் திசையிலேயே எடை விழும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், தரை பாசி பிடித்துப் பளபளத்தால் இந்தப் பகுதியை விட்டுவிடுங்கள்.

*சனி.* நீண்ட நாள். ஆறரைக்குத் தொடங்கி 70 நிமிட நடை. சைக்கிள் கடைகள் திறக்கும் நேரத்தில் 60 நிமிடம் சைக்கிள். தூரத்தைப் பார்க்காதீர்கள், நேரத்தைப் பாருங்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் உடல் தொடர்ந்து உழைத்திருக்கிறது. தாங்குதிறனுக்கு வேண்டியது அதுதான். வெறும் வயிற்றில் இறங்க வேண்டாம். முன்னால் இரண்டு மலை வாழைப்பழம், முடித்த பிறகு முட்டையோ சுண்டலோ சேர்ந்த சாப்பாடு. ஒன்பது மணிக்கெல்லாம் முடித்துவிடப் பாருங்கள். அதன் பிறகு சுற்றுலா வண்டிகளும் சவாரிக் குதிரைகளும் சாலையை நிறைத்துவிடும். ஒதுங்கி ஒதுங்கிச் சாலை விளிம்பில் கால் வைக்கும்போதுதான் கணுக்கால் பிரளும்.

*ஞாயிறு.* ஓய்வு. கொடைக்கானலில் அன்று வாரச் சந்தை. படிக்கட்டும் சரிவும் நெரிசலும் தாண்டி இரண்டு கையிலும் பையோடு திரும்புவது கணுக்காலுக்கு ஓய்வு ஆகாது. உறையை மாட்டிக்கொண்டு போங்கள், அல்லது வீட்டில் வேறு யாரையாவது அனுப்புங்கள்.

ஐந்தாம் படி: அடுத்த வாரம்

ஞாயிறு மாலை காலண்டரில் எழுதிய ஏழு அளவுகளையும் வரிசையாகப் பாருங்கள். ஒரே மட்டத்தில் இருந்தாலோ இறங்கியிருந்தாலோ அடுத்த வாரத்தில் ஒன்றை மட்டும் மாற்றலாம்: ஓட்ட நேரம், ஏற்றத்தின் நீளம், இறக்கம் ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்று. ஓட்ட நேரத்திலிருந்து தொடங்குவது என் பரிந்துரை. திங்கள் 14 நிமிடம், வெள்ளி 20 நிமிடம் என்று. வேக ஓட்டம் இன்னும் வேண்டாம்.

அளவு ஏறியிருந்தால் இதே வாரத்தைத் திரும்பச் செய்யுங்கள், ஆனால் வெள்ளிக்கிழமை ஓட்டத்துக்குப் பதில் சைக்கிள். இரண்டு வாரமும் ஏறிக்கொண்டே போனாலோ, சமதளத்திலேயே கணுக்கால் அடிக்கடி விட்டுப்போனாலோ இயன்முறை மருத்துவரிடம் காலண்டரைக் கையோடு எடுத்துப் போங்கள்.

வட்டக்கானல் பாதைக்கும் பூம்பாறைப் பக்கத்துப் படிக்கட்டு வயல் வரப்புகளுக்கும் எப்போது திரும்பலாம் என்று கேட்பீர்கள். ஏரியைச் சுற்றி 30 நிமிடம் நிற்காமல் ஓடி மறுநாள் நாடா மாறாமல் இருக்க வேண்டும். கோக்கர்ஸ் வாக்கை மூன்று முறை இறங்கியும் வலிக்காமல் இருக்க வேண்டும். கம்பளியின் மேல் கண்ணை மூடி 30 விநாடி நிற்க வேண்டும். மூன்றும் நடந்த பிறகு, மழை விட்ட ஒரு நாளில், கணுக்கால் உறையோடு, ஒரு துணையோடு, முதலில் நடந்தே போய்ப் பாருங்கள்.